முதுகுக்குப் பின்னால் ஹினெக்

ஓட்டகர் லோகாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, மாடிப்படி ஏறினால் முழங்கால் மட்டும் முனகும். அவனுக்கு இருந்த ஒரே நாள்பட்ட நோய் ஹினெக்.

செக் நாட்டு ஊரான ப்ர்னோவில் கல்லூரி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. படித்து முடித்து ஒரே நிறுவனத்தில் சேர்ந்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே ஹாலில் முதுகோடு முதுகாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கணினியின் இயங்குதளத்தில் கோப்புகளை டிஸ்கில் எழுதி, அழித்து, பத்திரமாக வைத்திருக்கிற பகுதி அவர்கள் வேலை. எல்லோரும் ஓட்டகரை ஓட்டா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹினெக்கை ஹினெக் என்று கூப்பிடுவார்கள், கொஞ்சம் குரலை உயர்த்தி, நல்ல செய்தி வந்த மாதிரி. அந்த வித்தியாசம் ஓட்டாவின் காதில் மட்டும் விழும்.

பொறாமைக்குக் காரணம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பெயர் நாள் என்ற கொண்டாட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே காலண்டரில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு. ஹினெக்கின் நாள் பிப்ரவரி ஒன்று. வெளியே பனி, ஊரில் எல்லோரும் வேலைக்கு வந்திருப்பார்கள், கேக் வெட்டினால் தட்டு பத்தாது. ஓட்டகரின் நாள் ஆகஸ்ட் கடைசியில் வரும். அப்போது மொத்த அலுவலகமும் விடுமுறைக்கென்று வைத்திருக்கிற காட்டு வீடுகளில் கால் நீட்டிக் கிடக்கும். ஓட்டா ஒரு பாட்டில் கொண்டுவருவான். மாலையில் மூடி திறக்காத அந்தப் பாட்டிலைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போவான். கேன்டீனில் பரிமாறும் விளாஸ்தா, கிரீம் குழம்பு மாட்டிறைச்சிக்கு எல்லோருக்கும் நாலு மாவுருண்டைத் துண்டு வைப்பாள். ஹினெக்குக்கு ஐந்து. ஏன் என்று ஒருநாளும் ஓட்டா கேட்டதில்லை. எண்ணாமல் விட்டதும் இல்லை.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. உலகத்தில் எந்த மூலையில் யார் திருத்தம் எழுதினாலும் அதைப் பொது மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். யார் வேண்டுமானாலும் அதை வரிவரியாகப் பிய்த்துப் போடலாம். அதுவும் பொதுவில்தான். ஓட்டாவும் ஹினெக்கும் கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரம். ஒருவன் தும்மினால் மற்றவன் வாயால் வாழ்த்துவான். தப்பை மட்டும் மெயிலில் சொல்வான், ஜப்பான்காரனும் பிரேசில்காரனும் படிக்கும்படி.

ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் பெயர்கள் ஏறும். எழுதியவர், பிழையைக் கண்டுபிடித்தவர், சோதித்தவர், படித்துப் பார்த்துச் சரியென்றவர். அந்தப் பகுதிக்கு ஓட்டா பொறுப்பாளி. அவன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட எதையும் இதுவரை யாரும் தப்பென்று திரும்ப எடுத்ததில்லை. அவன் பொறுப்பேற்பதற்கு முன் ஹினெக் எழுதியவற்றில் மூன்றைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். அவை எந்தெந்த மாதத்தில் என்று ஓட்டாவுக்கு மனப்பாடம். ஹினெக்கைவிட ஒரு படி மேலே அவன் நின்ற இடம் அது ஒன்றுதான்.

செப்டம்பரில் ஒரு புகார் வந்தது. மலைப்பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே சேமித்த எக்ஸ்ரே படங்களில் எப்போதாவது ஒன்றில் வேறு ஆளின் படத்துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. கிழவியின் இடுப்பெலும்புக்கு நடுவில் யாரோ ஒருவனின் விரல்கள். எக்ஸ்ரே இயந்திரம் புதிது, படம் சேமிக்கிற சர்வர் பழையது என்றாலும் அதன் டிஸ்க் நன்றாக இருந்தது. தப்பு கோப்பு முறைமையில், அதாவது இவர்கள் பகுதியில்.

இந்த மாதிரிப் பிழையை வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு நர்ஸ் சீட்டைப் பார்க்கிறாள், மாத்திரை கொடுத்ததாகக் குறி இல்லை. மாத்திரை எடுக்கப் போகிறாள். அவள் திரும்புவதற்குள் இன்னொருத்தி வந்து அதே சீட்டைப் பார்க்கிறாள், குறி இல்லை. இரண்டு பேரும் கொடுக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இருவர் மேலும் தப்பில்லை. நேரம் ஒன்றாக விழுந்ததுதான் தப்பு. இங்கேயும் அப்படித்தான். ஒரு வேலை பழைய கோப்பைச் சுருக்கி, டிஸ்கில் அதன் இடத்தைக் காலி என்று வேறு கோப்புக்குக் கொடுத்துவிடுகிறது. அதே நொடியில் இன்னொரு வேலை அது காலியானது தெரியாமல் பழைய படத்தை அங்கேயே எழுதுகிறது.

இப்படிப்பட்ட பிழை கூப்பிட்டால் வராது. பார்க்காத நேரத்தில் வரும். ஓட்டா அதைப் பிடிக்க, நிரலின் நடுநடுவே ‘இங்கே வந்தேன், இப்போது போகிறேன்’ என்று கணினி திரையில் அச்சிடும் வரிகளைச் சேர்த்தான். ஒரே இடத்தை இரண்டு வேலைகள் ஒருசேரத் தொடாமல் தடுக்கிற பூட்டு ஒன்றையும் இடம் மாற்றிப் போட்டான். சோதனையை ஓட்டினான். ஒரு வாரம் ஓடியும் பிழை வரவில்லை. சேர்த்த வரிகளை அழித்துவிட்டு, பூட்டு மாற்றத்தை மட்டும், சோதனை ஓட்டின விதத்தையும் சொல்லி, குழுவுக்கு அனுப்பினான்.

அன்று மதியமே ஹினெக்கிடமிருந்து பதில் வந்தது. முதுகுக்குப் பின்னால் விசைகள் தட்டுகிற சத்தத்தை ஓட்டா கேட்டுக்கொண்டேதான் இருந்தான். தனக்கு வரப்போகிற கடிதம் என்று தெரியவில்லை. அதில் இரண்டே வரி. “இது பிழையைச் சரிசெய்யவில்லை. அச்சிடும் வரிகளை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தாயா?”

ஓட்டா ஓட்டிப் பார்த்தான். டீ ஆறுவதற்குள் பிழை வந்து நின்றது.

இரண்டு பேர் வாசலில் எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்க்க ஒருவரை நிறுத்திப் பேர் கேட்டால், மற்றவர் அதற்குள் நிம்மதியாக உள்ளே போய்விடுவார். அச்சிடும் வரிகள் செய்தது அதைத்தான். ஒரு வேலையைத் தாமதப்படுத்தின, மோதல் நின்றது. இதைப் புதிதாக வந்தவர்களுக்கு ஓட்டாவே பாடமாக எடுத்திருக்கிறான். அவசரத்தில் விட்டுவிட்டான். அந்த அவசரம் வாரம் முழுக்கப் பின்னாலிருந்து கேட்ட விசைச் சத்தத்தால், ஹினெக் முந்திவிடுவானோ என்று வந்தது.

கேன்டீன் வரிசையில் ஹினெக் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றான்.

“கோவமாடா?”

“எதுக்குக் கோவம்?”

“இல்ல, காது செவந்திருக்கே.”

“சூப் சூடு.”

“நீ இன்னும் சூப்பே வாங்கலயேடா.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விளாஸ்தா கரண்டியை நீட்டியபடி, “ரெண்டு பேரும் சண்ட போடறதுன்னா தட்ட வெச்சுட்டுப் போடுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க” என்றாள். ஓட்டாவுக்கு நாலு. ஹினெக்குக்கு ஐந்து.

அடுத்த வாரம் ஹினெக்கின் திருத்தம் வந்தது. ஒரே பக்கம். கோப்பைச் சுருக்குவதற்கு முன் ஒரு பூட்டைப் பிடித்து, நடந்துகொண்டிருக்கிற எழுத்து முடியும்வரை காத்திருக்கும்படி செய்திருந்தான். சோதனையில் பிழை வரவில்லை, அச்சிடும் வரிகள் இல்லாமலே. குழுவில் பாராட்டு விழ ஆரம்பித்தது. “அழகு” என்று ஒருவர், “இதைத்தான் எதிர்பார்த்தோம்” என்று ஒருவர். வசந்தகாலத்தில் நடக்கும் கோப்பு முறைமைக்காரர்களின் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வருகிறாயா என்று வெளிநாட்டிலிருந்து இன்னொருவர் கேட்டிருந்தார். இருபது வருடத்தில் ஓட்டாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஓட்டா அந்தத் திருத்தத்தைத் திங்கட்கிழமை காலையில் படிக்க உட்கார்ந்தான். பிடிக்காத மருமகள் வைத்த சாம்பாரில் முடி தேடுகிற மாமியார் மாதிரி படித்தான். முடி கிடைத்தது.

பூட்டு சரி. ஆனால் கணினியின் நினைவகம் நெருக்கடியாகும்போது மட்டும் திறக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த வழியாக வருகிற வேலை, பூட்டுகளைத் தலைகீழ் வரிசையில் பிடிக்கும். வார்டில் ஒரு நர்ஸின் கையில் மருந்து அலமாரியின் சாவி, அவள் சீட்டுக்காக நிற்கிறாள். இன்னொருத்தி கையில் சீட்டு, அவள் சாவிக்காக நிற்கிறாள். இருவரும் விடமாட்டார்கள். கணினி அப்படியே உறைந்துவிடும். ஹினெக்கின் சோதனைக் கணினியில் நினைவகம் தாராளம், அங்கே இது வராது. அந்த ஆஸ்பத்திரியின் பழைய சர்வரில் நிச்சயம் வரும்.

ஓட்டா இரண்டாம் முறை படித்தான். மூன்றாம் முறையும் படித்தான். பிறகு எழுந்துபோய் ஒரு காபி போட்டுக் குடித்தான். வருடக்கணக்கில் அந்த இயந்திரத்தின் காபி அவ்வளவு ருசித்ததில்லை.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. திருத்தம் உள்ளே போகட்டும், உலகமெல்லாம் பரவட்டும், பிறகு உறையட்டும். நாலாவது முறையாக ஹினெக்கின் திருத்தத்தைத் திரும்ப எடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் அவன் என்ன பேசுவான் என்று பார்க்கலாம்.

வீட்டில் மனைவி யார்மிலா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்தில் தலைமைப் பராமரிப்பாளர். ஆளின் முகத்தைப் பார்த்தே காய்ச்சல் சொல்லக்கூடியவள்.

“என்ன விசில் அடிக்கிற?”

“அடிக்கக்கூடாதா?”

“கல்யாணத்துக்கே நீ விசில் அடிக்கல. ஹினெக்குக்கு என்ன ஆச்சு?”

“அவனுக்கு என்ன ஆகணும்? நல்லாத்தான் இருக்கான்.”

“அவன் நல்லா இருந்தா நீ நெஞ்செரிச்சல் மாத்திர கேப்ப. விசில் அடிக்க மாட்ட.”

ஓட்டா கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிழங்கை உரித்தான். சொல்லிவிடலாம் போல இருந்தது. பிறகு சொல்லாமல் விட்டான். யார்மிலா தோலைக் கொட்டப் போகும்போது, “எங்க இல்லத்துல ஆஸ்பிரின் இருக்கு, பேதி மருந்து இருக்கு. வயித்தெரிச்சலுக்குத்தான் ஒண்ணும் இல்ல” என்றாள்.

ஓட்டா கணக்குப் போட்டதில் ஒன்று விட்டுப்போயிருந்தது. அவன் கையெழுத்து இல்லாமல் திருத்தம் உள்ளே போகாது. செவ்வாய்க்கிழமை ஹினெக் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“டேய், படிச்சியா?”

“படிச்சிட்டிருக்கேன்.”

“ஒரு பக்கம்டா அது.”

“நான் நிதானமா படிக்கறவன்.”

“சரி சாமி, படி.”

புதன்கிழமையும் வந்தான். “படிச்சியா?” “படிக்கறேன்.” வியாழக்கிழமை வந்தபோது கையில் ஒரு ஜாடி ஊறவைத்த காளான் இருந்தது. சனி ஞாயிறுகளில் காட்டில் அவனே பறித்தது. மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். எல்லாம் ஒரே அளவில், புழு தொடாத, இறுகின தலைக் காளான். ஓட்டா காட்டுக்குப் போனால் எப்போதும் புழு வைத்ததுதான் கிடைக்கும். ஜாடியைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று யோசித்தான். போட்டால், நாளைக்கு உறையும்போது தன் பெயரும் கீழே நிற்கும். ஒரு கறையும் படாத கணக்கு போய்விடும். ஹினெக்கை விழவைக்கத் தானும் விழ வேண்டுமா? போடாமல் இருந்தால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால், ஹினெக் அதைச் சரிசெய்துவிடுவான், இன்னும் பாராட்டு வாங்குவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஹினெக் நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை குழுத்தலைவி ப்ளாங்கா வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. மதியத்துக்கு மேல் அவளும் காட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவள்.

“ஓட்டா, அந்தத் திருத்தம் என்னப்பா ஆச்சு?”

“பாத்துட்டிருக்கேன்.”

“அந்த ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அம்மா தினம் காலைல போன் பண்றாங்க. ஒவ்வொரு படத்தையும் ஆளையும் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாக்கறாங்களாம். போன வாரம் ஒரு பெரியவருக்கு ஒடையாத கைக்கு மாவுக்கட்டு போட இருந்தாங்களாம். அவர்தான் கத்தி ஊரக் கூட்டினாராம், இந்தக் கை இல்லன்னு.”

ஓட்டா காளான் ஜாடியைத் திரைக்குப் பின்னால் தள்ளி வைத்தான்.

“அவங்களுக்கு நாளைக்கே இத அனுப்பணும். உனக்கு நேரமில்லன்னா பரவால்ல, பன்னெண்டு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

ஓட்டா கடிகாரத்தைப் பார்த்தான். இதைவிட நல்ல வழி வராது. ப்ளாங்காவின் கையெழுத்து, ஹினெக்கின் திருத்தம். தன் பெயர் எங்கேயும் இல்லை. பேசாமல் உட்கார்ந்தால் போதும்.

“உனக்கு அந்தப் பகுதி தெரியாதே” என்றான், வாய் தானாகச் சொன்னது.

“தெரியாது. உனக்குத் தெரியுமில்ல? நாலு நாளா பாக்கற, தப்புன்னா இந்நேரம் நீ குதிச்சிருப்ப. அதுவும் ஹினெக் எழுதினதுல.” ப்ளாங்கா சிரித்தாள். “நீ பேசாம இருந்தா சரின்னு அர்த்தம். அத நம்பித்தான் போடப்போறேன்.”

அவள் போனபிறகு ஓட்டா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வெளியே டிராம் ஒன்று வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பியது. தன் பெயர் இல்லாமலும் அது தன் கையெழுத்துதான். அந்த ஹாலில் அத்தனை பேருக்கும் அது தெரியும், இனி அவனுக்கும் தெரியும். ஆஸ்பத்திரி சர்வர் உறைந்து, அந்த எக்ஸ்ரே அம்மாவுக்கு ஒத்துப் பார்க்கக்கூடப் படம் இல்லாமல் போகும். ஹினெக்கைவிட ஒரு படி மேலே நின்ற இடத்தைப் பத்திரப்படுத்தவே நாலு நாள் பாடுபட்டான். அந்தப் படி காலடியில் உளுத்துக்கொண்டிருந்தது.

அவன் நாற்காலியைத் திருப்பினான். முழங்கால் ஹினெக்கின் நாற்காலியில் இடித்தது.

“டேய்.”

ஹினெக் காதிலிருந்து இயர்போனை எடுத்தான். “என்னடா, வாயால பேசற? யாராச்சும் செத்துட்டாங்களா?”

“நெனவகம் பத்தாமப் போறப்ப வர்ற வழிய பாத்தியா?”

“எந்த வழி?”

“அதான், குறுக்கு வழி. அதுல பூட்டு தலகீழா விழுது. உறைஞ்சிடும்.”

ஹினெக் திரும்பித் திரையைப் பார்த்தான். மேலே போனான், கீழே வந்தான். அவன் கழுத்தின் பின்பக்கம் மெல்லச் சிவந்ததை ஓட்டா பார்த்துக்கொண்டே இருந்தான். வாரம் முழுக்க அதைப் பார்க்கத்தான் காத்திருந்தான். நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை. கொஞ்சம் இனித்தது.

“ஆமா” என்றான் ஹினெக். “ஆமாண்டா. எப்பப் பாத்த?”

ஓட்டா பொய் சொல்லியிருக்கலாம். “திங்கக்கெழம” என்றான்.

“இன்னிக்கு வெள்ளி.”

“தெரியும்.”

“நாலு நாளா கோழி மாதிரி இது மேல உக்காந்திருந்தியா?”

“உன் காளானையும் தின்னேன்.”

ஹினெக் சிரிக்கவில்லை. பிறகு திரையைப் பார்த்தபடியே, “போய்க் குழுவுல எழுது. வாயால சொன்னா உன் பேர் ஏறாது” என்றான்.

ஓட்டா எழுதினான். சுருக்கமாக, குத்தல் இல்லாமல். ப்ளாங்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டு, கோட்டு போட்டபடியே ஓட்டாவை ஒரு பார்வை பார்த்தாள். குழுவில் சிலர் “நல்ல கண்” என்று எழுதினார்கள். ஓட்டா அதை ஒருமுறை படித்தான், பிறகு டிராமில் போகும்போது கைபேசியில் இன்னொருமுறை படித்தான்.

ஞாயிறு மாலை ஹினெக்கின் இரண்டாம் திருத்தம் வந்தது. அதில் பூட்டே இல்லை. காலியான இடத்தை, அங்கே கடைசியாக எழுதிக்கொண்டிருப்பவன் வெளியேறும்வரை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று ஒரு குறி, அவ்வளவுதான். பழைய நோயாளி எழுந்து போகும்வரை புது ஆளுக்குப் படுக்கை போடாதே என்கிற மாதிரி. முந்தையதைவிடச் சின்னது. யாரும் காத்திருக்க வேண்டாம், யாரும் உறைய மாட்டார்கள். கீழே, பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஓட்டகர் லோகாய்.

ஓட்டா சமையலறை மேஜையில் உட்கார்ந்து முடி தேடினான். கிடைக்கவில்லை.

“என்ன, விசிலக் காணோம்?” என்றாள் யார்மிலா.

“நெஞ்செரிச்சல் மாத்திர இருக்கா?”

“மேல் அலமாரில. அப்ப ஹினெக் நல்லாத்தான் இருக்கான்.”

திங்கள் காலை நினைவகத்தைக் குறைத்துவைத்த கணினியில், அச்சிடும் வரி ஒன்றுகூட இல்லாமல், ஓட்டா சோதனையை ஓடவிட்டான். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருமுறை படித்தான். இப்படித் தனக்குத் தோன்றவில்லையே என்ற எரிச்சலோடு படித்தான். ‘படித்துப் பார்த்தேன், சரி’ என்று அந்த எரிச்சலோடே பெயரைப் போட்டான். மதியத்துக்குள் திருத்தம் மலைப்பக்கம் போய்ச் சேர்ந்தது. மாலையில் போன் வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. அதுதான் அந்த அம்மாவின் நன்றி என்று ப்ளாங்கா சொன்னாள்.

செவ்வாய் மதியம் கேன்டீன் வரிசையில் ஹினெக் முன்னால் நின்றான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இருவரும் வாயால் பேசவில்லை.

“அந்தக் கூட்டத்துக்கு நீயும் வர்றியாடா?” என்றான் ஹினெக், திரும்பாமலே. “நான் எப்படித் தப்பு பண்ணேன்னு நீ சொல்லு, நான் எப்படித் திருத்துனேன்னு நான் சொல்றேன்.”

“உன் கூட்டத்துல நான் எதுக்கு வால் மாதிரி?”

“அப்ப வராத.”

“வர்றேன்னுதான் சொல்றேன்.”

“ஆனா ஒண்ணு. அடுத்த தடவ திங்கக்கெழம பாத்தா திங்கக்கெழமயே சொல்லுடா, எரும.”

“நீ ஒழுங்கா எழுதினா நான் எதுக்குச் சொல்லப்போறேன்?”

விளாஸ்தா தட்டை நீட்டினாள். ஹினெக்குக்கு ஐந்து. ஓட்டா தன் தட்டைப் பார்த்தான். நாலு. ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணிவிட்டு, மேஜையில் ஹினெக்குக்கு எதிரில் போய் உட்கார்ந்தான்.